கடலுக்குப் போனவர் திரும்பவில்லை: அந்த வீட்டில் துக்க ஆதரவுப் பணியாளரின் வேலை என்ன?

உப்பனாறு, கடலூர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவக் கிராமங்களில், ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சமூக மனநலத் திட்டத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். சமூகப் பணியில் முதுகலை படித்தவள். மனநலத் துறையில் தனிப் பயிற்சி பெற்றவள் அல்லள். சாவு நேர்ந்த வீடுகளுக்குச் சென்று பார்ப்பதும், உதவி தேவைப்படுவோரை மருத்துவமனையோடு இணைப்பதும் எங்கள் பணிகளில் அடங்கும். பெரும்பாலான வீடுகளில் என்ன செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

ஃபைபர் படகில் நால்வர் கடலுக்குப் போனார்கள். படகு கவிழ்ந்தது. மூவரை வேறொரு படகு மீட்டுக் கொண்டுவந்தது. நான்காமவர் கிடைக்கவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை. இப்போது ஏழு மாதமாகிறது. மனைவிக்கு முப்பதை ஒட்டிய வயது, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். கருமாதியை முடித்துவிட வேண்டும் என்று மாமியார் வீட்டார் சொல்கிறார்கள். கொழுந்தனுக்குப் பேசி வைத்த திருமணம் இதனால் நின்றுபோயிருக்கிறது. அந்தப் பெண்ணோ காரியம் செய்யவும் தாலியைக் கழற்றவும் முடியாது என்கிறார். கணவரின் கைபேசி படகோடு மூழ்கிவிட்டது என்று தெரிந்தும், அவருடைய எண்ணுக்கு மாதந்தோறும் ரீசார்ஜ் செய்கிறார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "நம்பர் கட்டாயிட்டா அவரு வேற போன்ல இருந்து சிம்மு எடுத்துப் போட்டுப் பேச முடியாதே" என்றார். காலையில் மீன் ஏலம் எடுத்து அன்னக்கூடையில் சுமந்து விற்கப் போகிறார். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறார். இரவில் மட்டும் படகுகள் கரை சேரும் வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பைத்தியம் பிடித்துவிட்டது, மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்கிறார் மாமியார். படித்த பெண், பேசிப் புரிய வையுங்கள் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் என்னிடம் சொல்கிறார்கள். எங்கள் திட்டப் படிவத்திலோ துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று குறியிட்டு, ஏற்புநிலைக்கு எப்போது வந்தார் என்று தேதி போட வேண்டும். வீட்டுக்குச் சென்றதற்குச் சான்றாக, இடம் பதிவாகும் புகைப்படமும் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

அவரை ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் என் வேலையா? இதை நோய் என்று கொள்வதா? எந்த அறிகுறியைக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துப் போவது? அந்த வீட்டிலிருந்து திரும்பிய இரவுகளில் எனக்கும் தூக்கம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வார்டு எண் இல்லாதவர், புதுச்சேரி

சகோதரிக்கு வணக்கம். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கத்திலிருந்து எங்களிடம் வருவோர் நிறைய என்பதால், நீங்கள் சொல்லும் வீடு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

முதலில் அந்தப் படிவம். மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியபோது, அவர் பேசிப் பார்த்தவர்கள் தாங்களே சாவை எதிர்நோக்கிக் கிடந்த நோயாளிகள். பிற்பாடுதான் அது இழந்தவர்களின் துக்கத்துக்கும் நீட்டப்பட்டது. அவரே இவற்றைப் படிக்கட்டு வரிசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். துக்கத்திலுள்ளவர் காலையில் சினத்திலும் மதியம் சந்தையில் சிரிப்பிலும் இரவில் அழுகையிலும் இருப்பார். அதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது? உங்கள் மேலாளரிடம் இதை எழுத்தில் கொடுத்து, அந்தக் கட்டங்களுக்குப் பதிலாகத் தூக்கம், உணவு, வேலை, பிள்ளைகள், உயிர் குறித்த எண்ணம் ஆகியவற்றைப் பதியும் படிவத்தைக் கேளுங்கள். களத்தில் பயன்படுவது அதுதான்.

இரண்டாவது, இந்தப் பெண்ணுக்கு நேர்ந்திருப்பது வழக்கமான மரண துக்கம் இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப நல அறிஞர், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தபோது, உடல் கிடைக்காத இழப்பு தனி வகையானது என்பதை எடுத்துக்காட்டினார். உறுதிப்படாத இழப்பு என்று அதைச் சொல்லலாம். இத்தகையவர்கள் நிலைகுலைவதற்குக் காரணம் அவர்களுடைய மனத்தின் பலவீனம் அன்று. சூழல் அவர்களுக்கு விடை தரவில்லை என்பதுதான். உலகமே சொல்லாத முடிவை அவர் மட்டும் சொல்லியாக வேண்டும் என்று நெருக்குவது கொடுமை. மேலும், இறந்துவிட்டார் என்று முதலில் ஒப்புக்கொள்பவள் தானே என்றாகிவிட்டால், கணவரைத் தன் வாயாலேயே கொன்றதுபோல் அவருக்குத் தோன்றும். பிறகு அந்தக் குற்ற உணர்ச்சியோடு வேறு நாம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே, அவரை ஏற்க வைப்பது உங்கள் வேலை இல்லை. அவர் வரக்கூடும், வராமலும் போகக்கூடும் என்ற இரண்டு எண்ணங்களையும் ஒருசேர வைத்துக்கொண்டு அவர் வாழ்வதற்குத் துணையாக இருப்பதே வேலை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பாதியளவு அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்: பகலில் கூடை சுமக்கிறார், இரவில் காத்திருக்கிறார். இப்படி இழப்பின் பக்கமும் பிழைப்பின் பக்கமும் மாறி மாறிச் சாய்வதே நலமான துக்கத்தின் போக்கு என்று 1999-இல் ஸ்ட்ரோபே, ஷட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து, நான் பார்த்த குடும்பங்களோடு ஐந்து கட்டங்களைவிட நன்றாகப் பொருந்துகிறது. ரீசார்ஜ் செய்வதைத் தடுக்காதீர்கள். நோய் என்றும் எழுதாதீர்கள். அந்தச் செலவால் வீட்டில் சாப்பாடு குறைகிறதா என்பது மட்டுமே நீங்கள் பார்க்க வேண்டியது.

பேசும்போது அவருடைய வினைச்சொற்களைப் பின்பற்றுங்கள். "நண்டுன்னா அவருக்கு உயிர்" என்று அவர் பேசினால், நீங்களும் அதே காலத்தில் பேசுங்கள். அவரை இறந்த காலத்துக்குத் தள்ளுகிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தால் அது பின்னால் பெரும் சிக்கலாகும். பள்ளியில் எவனாவது ஒருவன் உண்மையைச் சொல்லிவிடுவான். அப்பா கடலில் காணாமற்போனார், தேடினார்கள், இன்னும் கிடைக்கவில்லை என்று தாயே சொல்வது நல்லது. அது பொய்யும் இல்லை, முடிவும் இல்லை.

புகைப்படத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரைப் பற்றிய தகவல்களை மறைவாகக் காக்க வேண்டும் என்கிறது. துக்கத்தில் இருப்பவர் நோயாளி இல்லை என்பதால் அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். அதற்காக, நோயாளிக்குச் சட்டம் தரும் மறைப்பைக்கூட இவருக்குத் தராமல் வாசற்படியில் அழுதுகொண்டிருக்கும் முகத்தை வாட்ஸ்அப்பில் போடுவதா? தெருமுனையில் நின்று இடத்தைப் பதிவு செய்யுங்கள், முகம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர், பரங்கிப்பேட்டை வட்டாரம்

அம்மா, நான் கிராம சுகாதாரச் செவிலியராகக் கடற்கரை ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது வேறொன்று. மாமியாரை நீங்கள் தடையாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். காணாமற்போனவர் அவர் பெற்ற பிள்ளை. அந்த அம்மாவிடம் யாராவது துக்கம் விசாரித்தார்களா?

சாவு வீடென்றால் பெண்கள் வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரியில்தான் நம் பெண்கள் மற்ற நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்வார்கள். போனவரைத் திட்டுவதும் அதிலேயே நடக்கும். இரண்டாம் நாள் பால் தெளிப்பதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரையில் அழுவதற்கென்றே ஊர் ஒதுக்கித் தந்திருக்கும் நாள்கள் அவை. (இப்போது குளிர்பெட்டி வைத்து, மைக் செட் கட்டி, மறுநாளே எல்லாவற்றையும் முடித்துவிடும் ஊர்களும் பெருகிவிட்டன, அதைப் பற்றிப் பேசினால் வேறு திரி தொடங்க வேண்டும்.) செத்தான் என்று சொல்லாத வீட்டில் அந்தத் தாய்க்கு ஒப்பாரி வைக்க உரிமை கிடையாது. மருமகள் காத்திருக்கலாம், தாய் அழக்கூடக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு முறை உருவாகிவிட்டது. கருமாதி, கருமாதி என்று அவர் சொல்வதில் பாதி கொழுந்தனின் கல்யாணம்; மீதிப் பாதி, அழ ஓர் இடம் வேண்டும் என்பது. நீங்கள் மருமகளோடு மட்டும் உட்கார்ந்து பேசிவிட்டு வரும்போதெல்லாம் அவருடைய கோபம் கூடும். அடுத்த முறை மாமியாரை முதலில் பாருங்கள்.

காரியம் செய்வதா வேண்டாமா என்ற தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். அது குடும்பமும் ஊரும் பார்த்துக்கொள்ள வேண்டியது. உடல் கிடைக்காதவருக்குத் தருப்பையால் உருவம் செய்து காரியம் செய்யும் முறையும் நம்மிடம் உண்டு. அதை இன்றே செய்தாக வேண்டும் என்று மரபு யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. கல்யாணத்தையும் கருமாதியையும் பிரித்துவிட முடியுமா என்று பஞ்சாயத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊரே கூடி, "பையன் கல்யாணத்தை நடத்துங்கள், மற்றது அந்தப் பெண் மனம் இசையும்போது" என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். ஊர் சொல்ல வேண்டியதை நீங்கள் சொன்னால் எடுபடாது, உங்கள் வேலையும் கெடும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலுக்குச் சாமி வரும்போது அந்தத் தாய் தனியாகப் போய் விளக்கேற்றிக் கும்பிட்டு அழுதுவிட்டு வரலாம். அதில் சாவை ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. அது மருமகளுக்கு எதிராகச் செய்வதாகவும் ஆகாது.

அந்தப் படகில் திரும்பி வந்த மூவரை விட்டுவிட்டீர்கள். அவர்கள் அந்த வீட்டு வழியாக நடக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் பலர் வலை பின்னிக்கொண்டு கரையிலேயே இருப்பார்கள். அப்போது பிடித்தால்தான் அவர்களோடு பேச முடியும். எதிரே உட்கார்ந்து "மனசு எப்படி இருக்கு" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பற்றிப் பேசுங்கள், மற்றது தானாக வரும். அன்று என்ன நடந்தது என்று நீங்களாகக் கிளறாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு வந்த சிலர், பிள்ளைகளைக் கூட்டி வைத்து அலையை வரையச் சொன்னார்கள்; அடுத்த வாரம் வேறொரு குழு வந்து அதையே வரையச் சொன்னது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் வழிகாட்டுதலில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பிய முயற்சிகளும் அப்போது நடந்தன. நிலைத்துப் பயன் தந்தது அந்த வழிதான். தெரிந்த முகம் திரும்பத் திரும்ப வருவதற்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை.

சட்டத் தன்னார்வலர், கடலூர்

வணக்கம். மனநலத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தகுதி இல்லை. ஆனால் இந்த வீட்டில் காரியமும் காகிதமும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

கருமாதி செய்வதால் சட்டப்படி ஒருவர் இறந்தவராகிவிட மாட்டார். செய்யாததால் உயிரோடிருப்பவராகவும் ஆகிவிட மாட்டார். ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று வாதிடுபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் அதே விதி தொடர்கிறது. அப்போதும் நீதிமன்றம் அனுமானிப்பது அவர் இறந்துவிட்டார் என்பதை மட்டுமே. எந்த நாளில் இறந்தார் என்பதை அனுமானிப்பதில்லை, அதைச் சான்றுகளால்தான் காட்ட வேண்டும். பெரும் பேரிடர்களின்போது அரசு தனி நடைமுறை வகுத்து விரைவாகச் சான்றிதழ் தருவதுண்டு. ஒரு படகில் ஒருவர் மட்டும் காணாமற்போகும் வீட்டுக்கு அந்த வசதி தானாக வருவதில்லை. விதவை ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாம் இறப்புச் சான்றிதழ் என்ற ஒரே வாசலில் வந்து நின்றுவிடுகின்றன.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது, காணாமற்போனதற்கான சான்றுகளைச் சேர்த்து வைப்பது. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், முதல் தகவல் அறிக்கை, மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்த தகவலுக்கான ஒப்புகை, தேடுதல் நடந்ததற்கான ஆவணம், படகின் பதிவுச் சான்று, உடன் சென்ற மூவரின் எழுத்து வாக்குமூலம் ஆகியவை முக்கியமானவை. மூவரில் ஒருவர் நாளை வேறு மாநிலத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு; அவர் பெயர் அந்தக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டிருந்ததா, வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்பதை மீன்வளத் துறையில் கேட்டு அறியுங்கள். காரியத்துக்கு அவசரப்படுத்துவதன் பின்னால் இப்படி ஏதேனும் கணக்கு இருக்கக்கூடும். இருந்தே தீரும் என்று சொல்லவில்லை.

பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். கையெழுத்து வாங்கும்போது, இது காணாமற்போனதைப் பதிவு செய்யும் காகிதம், இறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் காகிதம் இல்லை என்பதை அவருக்கு நன்றாக விளக்கிச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் காகிதத்தை நீட்டினால் எந்தப் பெண்ணும் கையெழுத்திட மாட்டார்.

உப்பனாறு, கடலூர்

எல்லோருக்கும் நன்றி. மாமியாரைப் பற்றிச் செவிலியரம்மா எழுதியதைப் படித்தபின், அவர் திண்ணையில் எப்போதும் கடலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வருகிறது. இன்னொரு தகவலையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் மாமியார் வீட்டார் மருமகளை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் தூக்க மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார்கள். அது தீர்ந்ததும் மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மீண்டும் வாங்குகிறார்கள். மாத்திரை போட்ட இரவுகளில் வாசலில் உட்காராமல் தூங்கிவிடுகிறார். அதனால் குணமாகி வருகிறார் என்று வீட்டில் மகிழ்ச்சி. மறுநாள் காலை ஏலத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். கணவரின் குரல் வாசலில் கேட்டதாகவும் ஒரு முறை சொன்னார். இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?

மனநல மருத்துவர், விழுப்புரம்

வணக்கம். நேரில் பார்க்காத ஒருவருக்குச் சிகிச்சை சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

மனநோய் எதுவும் இல்லாமல் துக்கத்தில் மட்டும் இருக்கும் பெரியவர்களுக்குத் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் பென்சோடயசிபீன் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. துக்கம் அதனால் தீராது, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதே வழிகாட்டுதல், துக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொத்தாம்பொதுவாக முறைசார் உளவியல் சிகிச்சை தரவும் வேண்டாம் என்கிறது. வீட்டுக்கு வீடு கவுன்சலிங் என்று இலக்கு வைத்து ஓடும் திட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஒரு மாதமாக அந்த மாத்திரையை எடுத்து வருபவர் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. அது எந்த வகை மாத்திரை என்றே நமக்குத் தெரியாது. சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். மாத்திரை அட்டைகள் மொத்தமாக வீட்டில் கிடக்காமல் மாமியாரோ வேறு பெரியவரோ வைத்திருந்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுப்பது நல்லது.

குரல் கேட்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். போனவரின் குரலோ காலடி ஓசையோ கேட்பதும், ஒரு கணம் உருவம் தெரிவதும் துக்கத்தில் பலருக்கு நேர்வதுதான். அவ்வளவைக் கொண்டு மனச்சிதைவு என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது. அக்குரல் அவரைத் திட்டுகிறதா, கடலுக்குள் வா என்று அழைக்கிறதா என்பதை மட்டும் கேட்டறியுங்கள்.

புதுச்சேரிச் சகோதரர் எழுதியதோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். இது நோய் இல்லை என்று அவர் சொல்லும் வேகத்தில், நோயும் கூடவே இருக்கலாம் என்பது நழுவிவிடுகிறது. நீடித்த துக்கக் கோளாறு என்ற நோய்ப்பெயரை உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு 6 மாதம் கடந்தபின்னும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 2022 பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதம் கடந்தபின்னும் மட்டுமே அனுமதிக்கின்றன. இரண்டும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மிஞ்சியிருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. இறப்பே உறுதியாகாத வீட்டில் அந்த நாள் கணக்கை நான் தொடங்கவே மாட்டேன். ஆனால் மனச்சோர்வு நோய் வேறு. துக்கத்திலிருப்பவருக்கு அந்நோயை உறுதி செய்யக் கூடாது என்றிருந்த விலக்கு, 2013-இல் அமெரிக்க நோய் வகைப்பாட்டிலிருந்தே நீக்கப்பட்டது. எந்நேரமும் மந்தமாக இருப்பது, பிள்ளைகளைக்கூடக் கண்ணெடுத்துப் பாராதது, உடல் இளைப்பது, நான் எதற்கும் பயனில்லாதவள் என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால், துக்கம்தானே என்று காத்திருக்காமல் அழைத்து வாருங்கள். கூடை சுமந்து போகிறார் என்பதால் அவருக்கு நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது; வயிற்றுப்பாட்டுக்காக நோயோடும் நம் பெண்கள் வேலைக்குப் போவார்கள்.

உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அன்றே மருத்துவமனை. அந்த இரவில் அவரைத் தனியே விடக் கூடாது. எந்நேரமும் பேசக்கூடிய அரசு மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மாமியார், மருமகள் இருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

வார்டு எண் இல்லாதவர், புதுச்சேரி

மருத்துவர் ஐயா சொன்ன திருத்தம் சரியானது. ஏற்கிறேன்.

சகோதரி, உங்கள் தூக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. இத்தகைய வீடுகளுக்குத் தொடர்ந்து போகிறவருக்குத் தூக்கம் கெடுவது வேலையின் பாதிப்பு; அதை உங்கள் பலவீனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணியாளர் நலம் என்று ஆண்டுக்கொரு முறை ஏதோ ஒரு விடுதியில் விளையாட்டு வைத்துச் சான்றிதழ் தருவதால் இது தீராது. உங்களைவிட அனுபவமுள்ள ஒருவர், வாரந்தோறும் குறித்த நேரத்தில், இலக்கு எத்தனை என்று கேட்காமல், அந்த வாரத்தில் கடினமாயிருந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நிறுவனத்தில் அப்படிப்பட்டவர் இல்லையென்றால், மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் உங்கள் மேலாளர் வழியாகக் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு சாவு வீடுகளுக்குப் போவதைத் தவிர்த்து, கடினமான வீட்டை நாளின் கடைசி வேலையாக வைக்காதீர்கள். அதை முற்பகலில் முடித்துவிட்டு, பிறகு அங்கன்வாடிக் கூட்டம் போன்ற இலேசான வேலைக்குப் போங்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கம் வரவில்லை என்றால் நீங்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உப்பனாறு, கடலூர்

நன்றி, ஐயா. அடுத்த வாரம் மாமியாரைத் தனியே பார்க்கப் போகிறேன். மாத்திரைச் சீட்டோடு மனநல மருத்துவரைப் பார்ப்பதற்கு மருமகள் சம்மதித்துவிட்டார். தூங்குவதற்காக இல்லாமல், காலையில் எழுந்து ஏலத்துக்குப் போவதற்காக என்று சொன்னதும் உடனே இசைந்தார். செவிலியரம்மா, மாமியாரைப் பார்க்க எந்த நேரம் ஏற்றது? மருமகள் இருக்கும்போது போவதா, இல்லாதபோதா?

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர், பரங்கிப்பேட்டை வட்டாரம்

மருமகள் மீன் விற்கப் போயிருக்கும் நேரத்தில் போங்கள். ஆனால் போகப் போவதை மருமகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தன் முதுகுக்குப் பின்னால் பேசுவதாக நினைப்பார். சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முந்தைய மதிய வேளை நல்லது. படிவத்தையும் பேனாவையும் பையிலேயே வையுங்கள். மகன் சிறுவயதில் எப்படி இருந்தான் என்று கேளுங்கள், அவர் வேண்டிய மட்டும் பேசட்டும். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள்.

சட்டத் தன்னார்வலர், கடலூர்

முதல் தகவல் அறிக்கையின் நகல் அந்த வீட்டில் யாரிடம் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் படகு உரிமையாளரிடம்தான் இருக்கும். அவரிடமிருந்து ஒரு நகல் எடுத்து மருமகளிடம் கொடுத்து, ஆணைக்குழு அலுவலகத்துக்கு வரும் நாளில் குடும்ப அட்டையையும் திருமணத்துக்கான ஏதேனும் ஒரு சான்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். திருமணப் பதிவு இல்லையென்றால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரட்டும்; அதில் தந்தை, தாய் இருவர் பெயரும் இருக்கும்.